சௌரிராஜனும் கழுவிய மண்வெட்டியும்

செய்தி வந்தபோது நான் கண் மருத்துவமனையில் இருந்தேன். சொட்டு மருந்து விட்டு, அரை மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொல்லியிருந்தார்கள். கைப்பையில் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. பொறுமை போய் எடுத்துப் பார்த்தால் எழுத்தெல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த பெண்ணிடம் நீட்டி, "கொஞ்சம் படிச்சுச் சொல்லும்மா" என்றேன். அவள் வகுப்பில் பாடம் வாசிப்பதுபோல வாசித்தாள்: "மூத்த வழக்கறிஞர் சௌரிராஜன் அவர்கள் இன்று காலை காலமானார்." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சொந்தக்காரங்களாங்க?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். வேறென்ன சொல்ல? அவர் கொலை வழக்குகளில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர்களுக்காக வாதாடியவர். நான் அரசுத் தரப்பு வழக்கறிஞர். தஞ்சை செஷன்ஸ் நீதிமன்றத்தில் பதினோரு வருடம் எதிரெதிரே நின்றோம். இந்த நினைவு மலரைப் படிக்கிற வழக்கறிஞர் சங்கத்து நண்பர்களில் பாதிப் பேர் அவரிடம் ஜூனியராக இருந்தவர்கள். அவரைப் பற்றி நல்லதாக எழுத உங்களிடம் நிறைய இருக்கும். நான் எழுதப்போவது பெரும்பாலும் என்னைப் பற்றிக் கெட்டதாக. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி நான் எதைச் சொன்னாலும் அது பொய்யாகிவிடும்.

அவருடைய ஒரு வழக்கம் உங்களுக்கு நினைவிருக்கும். வாதத்தைத் தொடங்குமுன் கூண்டருகே போய்த் தன் கட்சிக்காரனிடம், "சாப்ட்டியாப்பா?" என்று கேட்பார். இல்லை என்று தலையாட்டினால் குமாஸ்தாவை அனுப்பி, இடைவேளையில் இரண்டு இட்லியாவது கிடைக்க ஏற்பாடு செய்துவிட்டுத்தான் கோப்பைப் பிரிப்பார். 'சாப்பாட்டு வக்கீல்' என்று நாம் கேலி செய்தோம். நான்தான் அந்தப் பெயரை வைத்தேன் என்று அவருக்குத் தெரியும். ஒருநாள் என்னிடமே சொன்னார்: "பசியில இருக்கறவன் எதக் கேட்டாலும் ஆமான்னு சொல்லிடுவாம்மா. அப்பறம் அந்த ஆமாவ வச்சுக்கிட்டு நீங்க என்னைய அடிப்பீங்க." சிரித்தபடிதான் சொன்னார். சிரித்தபடி சொன்னால் உறைக்காது என்று நினைத்தாரோ என்னவோ, எனக்கு நன்றாகவே உறைத்தது.

காத்தையன் வழக்கு எனக்குக் கிடைத்தபோது அரசு வழக்கறிஞராக நியமனம் ஆகி எட்டு மாதம். "பொம்பளை பி.பி. என்ன கிழிக்கப் போவுது?" என்று என் காதுபடவே பேசிய காலம் அது. பேசியவர்களில் சிலர் இதைப் படிக்கிறீர்கள்; போகட்டும், விடுங்கள். ஒரு பெரிய வழக்கை ஜெயித்துக் காட்ட வேண்டும் என்ற வெறி எனக்கு இருந்தது.

பாபநாசம் பக்கம் ஓர் ஊர். காத்தையனும் சிங்காரவேலுவும் பங்காளிகள், அடுத்தடுத்த வயல்காரர்கள். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்ட வருடம். அன்று காலை காத்தையனின் முறை. அவன் போய்ப் பார்க்கும்போது அவன் வயல் மடை அடைக்கப்பட்டு, தண்ணீர் சிங்காரவேலு வயலில் பாய்ந்துகொண்டிருந்தது. வாய்ச்சண்டை முற்றியது. சிங்காரவேலு இவன் தாயைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னான். காத்தையன் கையிலிருந்த மண்வெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தால் ஓர் அடி. ஒரே அடி. சிங்காரவேலு வாய்க்காலில் விழுந்தான். காத்தையனே இறங்கி அவனை இழுத்துக் கரையில் போட்டு, கத்தி ஆள் கூப்பிட்டான். ஆட்கள் ஓடி வந்து தூக்கிப் போனார்கள். அதற்குப் பிறகு காத்தையன் வாய்க்காலில் இறங்கி மண்வெட்டியைக் கழுவினான். வீட்டுக்கு நடந்து போய் அதை மூலையில் சாத்தி வைத்துவிட்டு, போலீஸ் வரும்வரை வாசலில் உட்கார்ந்திருந்தான். சிங்காரவேலு அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான்.

அடித்தான் என்பதில் இரண்டு தரப்புக்கும் சண்டை இல்லை. கொல்லும் எண்ணத்தோடு அடித்தானா, கோபத்தில் கை மீறிவிட்டதா என்பதுதான் வழக்கு. முதலாவது கொலை, ஆயுள் தண்டனை. இரண்டாவதற்குச் சட்டத்தில் வேறு பிரிவு. ஐந்து வருடமோ ஏழு வருடமோ போதும் என்று நீதிபதி சொல்லலாம். சௌரிராஜன் தெளிவாக வாதாடினார். வயலுக்குப் போகிறவன் மண்வெட்டியோடுதான் போவான், அதை ஆயுதம் ஏந்தி வந்தான் என்று சொல்ல முடியாது. கொல்ல நினைத்தவன் வெட்டும் பக்கத்தைத் திருப்பியிருக்க மாட்டான். விழுந்தவனைத் தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்டிருக்க மாட்டான். வெளியூர்க்காரரான நீதிபதி தலையசைத்துக் குறிப்பு எடுத்துக்கொண்டே இருந்தார். வழக்கு என் கையைவிட்டுப் போவது எனக்குத் தெரிந்தது.

நான் எழுந்து ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டேன். "குற்ற உணர்வு இல்லாத கை எதற்காக ஆயுதத்தைக் கழுவ வேண்டும்?" ஒருவன் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும்போது, நிதானமாகத் தண்ணீரில் இறங்கி ரத்தக் கறையைப் போக்குகிறவனுக்கா கண் மண் தெரியாத கோபம் என்றேன். எல்லா விவசாயியும் வேலை முடிந்தால் மண்வெட்டியைக் கழுவிவிட்டுத்தான் கரையேறுவான் என்று சௌரிராஜன் பதில் சொன்னார். அவர் தஞ்சாவூர் டவுனில் ஜவுளிக்கடைக் குடும்பத்தில் பிறந்தவர். காத்தையன் சொல்லித்தான் அவருக்கே தெரியும். அதைச் சாட்சி சொல்ல அந்த ஊரில் ஒருவரும் வரவில்லை. இறந்தவன் வீட்டைப் பகைத்துக்கொண்டு யார் வருவார்கள்? "சாட்சி எங்கே?" என்று கேட்டேன். அவரிடம் இல்லை.

சாட்சி எதிர் நாற்காலியில் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நான் வலங்கைமான் பக்கத்துக் குத்தகை விவசாயியின் மகள். எங்கள் வீட்டில் மண்ணோடு மண்வெட்டி வாசலைத் தாண்டி வராது. எத்தனையோ நாள் நானே வாய்க்காலில் இறங்கி, ஒரு பிடி வைக்கோலால் இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவியிருக்கிறேன். தாத்தா இறந்த செய்தி வயலுக்கு வந்த அன்று, அப்பா வாய்விட்டு அழுதுகொண்டே மண்வெட்டியைக் கழுவினார். கழுவி முடித்த பிறகுதான் ஓடினார். நான் பக்கத்தில் நின்றேன். அந்தக் கை யாரையும் கேட்டுக்கொண்டு கழுவுவதில்லை என்று அந்த நீதிமன்றத்தில் காத்தையனுக்கு அடுத்து நன்றாகத் தெரிந்தவள் நான்தான். தெரிந்துதான் கேட்டேன்.

கொலைக் குற்றம் நிரூபணமானதாக நீதிபதி அறிவித்தார். தண்டனை பற்றி ஏதாவது சொல்லிக்கொள்கிறாயா என்று காத்தையனைக் கேட்டார். அதுவரை ஜாமீனில் இருந்த காத்தையன், கையைக் கட்டிக்கொண்டு சொன்னான்: "நாத்து பறிக்கிற பக்குவத்துல நிக்குதுங்கய்யா. பத்து நாள் குடுத்தீங்கன்னா நட்டுட்டு வந்துடுறேன்." நீதிமன்றம் சிரித்தது. நானும் சிரித்தேன். சௌரிராஜன் மட்டும் எழுந்து, "இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். ஆயுள் தண்டனை. ஆயுதத்தைக் கழுவிய நிதானமே கொலை எண்ணத்துக்குச் சான்று என்று தீர்ப்பில் என் வாதம் அப்படியே இருந்தது. மறுநாள் பத்திரிகையிலும் வந்தது. நான் அதை வெட்டி ஒட்டி வைத்தேன்.

தீர்ப்பு வந்த வாரம் அவர் என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை. "நீங்க வலங்கைமான் பக்கந்தானேம்மா? ஒண்ணு கேக்கறேன். பதில் சொல்லணும்னு இல்ல. உங்க வீட்டுல மம்பட்டிய எங்க கழுவுவாங்க?" நான் கோப்பைப் புரட்டுவதுபோல் பாவனை செய்தேன். "சரிம்மா" என்று போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை. நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டிவிட்டு மறந்திருப்பேன். அவரோ மறுநாளும் வந்து, "டீ சாப்பிடலாமா?" என்று கூப்பிட்டார்.

சிங்காரவேலுவின் மனைவி தையல்நாயகி ஒருமுறை நஷ்டஈட்டு மனு விஷயமாகக் கோர்ட்டுக்கு வந்திருந்தாள். கேன்டீனில் நாங்கள் இருவரும் ஒன்றாக டீ குடிப்பதைப் பார்த்துவிட்டு நேரே வந்தாள். "நெனச்சு அடிச்சானா, நெனைக்காம அடிச்சானான்னு ரெண்டு பேரும் ஒரு வருசம் பேசுனீங்க. எப்புடி அடிச்சாலும் எனக்கு ஆளு இல்லீங்களே" என்றாள். சௌரிராஜன் எழுந்து நின்று கேட்டுக்கொண்டார். அவள் போனபின் வெகுநேரம் டீயைத் தொடவில்லை. பிறகு சொன்னார்: "அந்தம்மாவுக்குப் பதில் சொல்ற சட்டம் எங்கயும் இல்ல. அவங்க துக்கம் பெருசு. அதுக்காக இன்னொருத்தன் செய்யாததையும் சேத்து அவன் தலையில கட்டுனா அந்தத் துக்கம் கொறையுமா?" பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பழி முழுவதும் காத்தையனிடம் இருந்தது. பாவத்தில் ஒரு பங்கு அவருக்கு எதிரே டீ கிளாஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மேல்முறையீடும் தோற்றது. அங்கேயும் கழுவிய மண்வெட்டிதான். சௌரிராஜன் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திருச்சி சிறைக்குப் போய் மனுப் போட்டுக் காத்தையனைப் பார்த்துவிட்டு வருவார். வந்து எனக்குச் சேதி சொல்வார், நான் கேட்காமலே. தோட்ட வேலை கொடுத்திருக்கிறார்கள், மூட்டு வலிக்கிறதாம், மகளுக்குக் கல்யாணம், மூன்று நாள் பரோல். நான் "அப்படியா" என்பேன். பன்னிரண்டு வருடம் "அப்படியா" என்றேன். ஓய்வு பெற்ற பிறகும் தொலைபேசியில் அதையே சொன்னேன்.

கடைசியாக அவரைப் பார்த்தது டயாலிசிஸ் வார்டில். வீங்கிய கையோடு காத்தையனின் முன்விடுதலைக்கான மனுவை எழுதிக்கொண்டிருந்தார். "எல்லாம் எழுதியாச்சும்மா. ஒரு விசயம் மட்டும் நான் எழுத முடியாது" என்றார். எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. நான் ஆரஞ்சுப் பழத்தை உரித்து, நாரெல்லாம் எடுத்து, சுளை சுளையாகத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் சாப்பிடக்கூடாத பழம் என்று நர்ஸ் வந்து எடுத்துப்போனாள். ஒன்பது நாள் கழித்துத்தான் அந்தப் போன் அதிர்ந்தது.

சங்கத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில் என்னையும் பேசக் கூப்பிட்டீர்கள். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் எழுந்தேன். மேடையில் நின்று, "கண்ணியமான மனிதர்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். கை தட்டினீர்கள். அந்தக் கைதட்டல்தான் மறுநாள் காலை என்னைத் திருச்சி பஸ்ஸில் ஏற்றியது.

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்ற ஆளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலை முழுக்க நரைத்திருந்தது. அவனுக்கு என்னைத் தெரிந்தது. சௌரிராஜன் போய்விட்டதைச் சொன்னேன். ஜெயிலர் ஐயா சொல்லிவிட்டதாகச் சொன்னான். பிறகு நான் சொன்னேன். மண்வெட்டியைக் கழுவுவது கைப்பழக்கம் என்று எனக்குத் தெரியும், தெரிந்தே மாற்றிப் பேசினேன், தப்பு என்னுடையது என்றேன். ஒத்திகை பார்த்துக்கொண்டு போன வாக்கியங்கள் அவை. அவன் என்மேல் கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"தெரியுங்கம்மா" என்றான். "ஐயா அப்பவே சொல்லிட்டாரு. அந்தம்மா கெட்டவங்க இல்ல காத்தையா, ஒருநாள் வந்து சொல்லுவாங்கன்னாரு. ஒவ்வொரு தடவ ஐயா வர்றப்பயும் அவரு பின்னாடி நீங்க வர்றீங்களான்னு பாப்பேன்."

இதையெல்லாம் ஒப்புக்கொண்டு எழுதிய என் பிரமாணப் பத்திரத்தை முன்விடுதலை மனுவோடு சேர்த்து அரசுக்கு அனுப்பிவிட்டேன். பதில் இன்னும் வரவில்லை. தையல்நாயகிக்கும் நானே போய்ச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அது அவளுடைய உரிமை. காத்தையனைப் பார்க்க இனி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நான்தான் மனுப் போடுவேன். சௌரிராஜனின் சட்டப் புத்தகங்களை ஜூனியர்கள் பகிர்ந்துகொண்டீர்கள், சரிதான். என் பங்குக்கு வந்தது ஒன்றே ஒன்று. நான் கல்லாக உட்கார்ந்திருந்த பன்னிரண்டு வருடமும் ஒரு மனிதர் சிறைக்குப் போய், நான் நல்லவள் என்று, நான் கெடுத்தவனிடமே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். அவன் அதை நம்பிக் காத்திருந்திருக்கிறான்.