ஏனண்ணன் நபிமாரைப் பற்றிக் கேட்டது

ஏனண்ணனைப் பற்றி யாராவது நல்லவிதமாகப் பேசினால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வருகிறது. கெட்டவிதமாகப் பேசினால் அதைவிட அதிகமாக வருகிறது. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழிப்பதைவிட, நடந்ததை நானே எழுதிவிடுகிறேன்.

அவருடைய சொந்தப் பெயர் வேறு. 'ஏன்' என்று கேட்காமல் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார் என்பதால் எங்கள் லிஃப்ட் கம்பெனியில் யாரோ வைத்த பெயர் நிலைத்துவிட்டது. வீட்டில் கடிகாரம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். ஏன் ஓடுகிறது என்று பார்க்கக் கழற்றுவார். பல் பிடுங்கப் போனவர், வாய்க்குள் இடுக்கி இருக்கும்போதே டாக்டரிடம் கேள்வி கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். கல்யாணம் பேச வந்த அன்றைக்கே, உங்கள் மாடிப்படிகள் ஏன் ஒரே உயரத்தில் இல்லை என்று மாமனாரைக் கேட்டாராம். அப்போதே உஷாராகியிருக்க வேண்டும் என்று அண்ணி, அதாவது அவர் மனைவி, சொல்லிச் சொல்லி மாய்ந்துபோவார்.

ஒன்பது வருடம் நானும் அவரும் ஜோடி. லிஃப்ட் வேலையில் ஒருவர் லிஃப்ட் பெட்டியின் தலைமேல் நின்றால் இன்னொருவர் மேலே மோட்டார் அறையில் நிற்க வேண்டும். கூடப் பிறந்தவனை நம்புவதைவிட ஜோடியை நம்பியாக வேண்டும்.

லிஃப்ட்டின் கதவு திறந்திருந்தால் பெட்டி நகரக் கூடாது. அதற்கென்றே ஒரு பாதுகாப்புப் பூட்டு உண்டு. ஆனால் பழுது பார்க்கும்போது கதவைத் திறந்துவைத்துக்கொண்டே ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். அதற்காக மோட்டார் அறையில் இருக்கும் மின்பெட்டியில் ஒரு முழச் சிவப்புக் கம்பியை மாட்டி, அந்தப் பூட்டை ஏமாற்றுவோம். வேலை முடிந்ததும் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். ஆளுக்கு மூன்று கம்பி. கட்டடத்தை விட்டு வெளியே வருமுன் சட்டைப் பையிலிருந்து மூன்றையும் எடுத்து ஒருவருக்கொருவர் காட்ட வேண்டும் என்பது விதி. பழகப் பழக நாங்கள் காட்டுவதை நிறுத்திவிட்டோம். அவர் "இருக்கா?" என்பார், நான் "இருக்கு" என்பேன், அதோடு சரி.

அந்தச் செவ்வாய்க்கிழமை நாங்கள் வேலை முடித்துப் போன மறுநாள் காலை, அதே கட்டடத்தின் நாலாவது மாடியில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை லிஃப்ட்டிலிருந்து வெளியே கால் வைத்திருக்கிறார். கதவு திறந்தபடியே பெட்டி மேலே கிளம்பிவிட்டது. விழுந்ததில் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்று கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

மின்பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு சிவப்புக் கம்பி. முந்தைய நாள் முழுக்க நாங்கள் இருவரும் மாறி மாறித் திறந்த பெட்டி அது. சூப்பர்வைசர் எங்கள் சட்டைப் பையில் இருந்ததை எடுக்கச் சொன்னார். ஏனண்ணன் மூன்று கம்பிகளை நீட்டினார். என்னிடம் இரண்டுதான் இருந்தன. ஒன்று போன மாதமே அறுந்துபோனது. ஸ்டோரில் கேட்டு வாங்கச் சோம்பல். உண்மையைத்தான் சொன்னேன், ஆனால் சொல்லும்போதே எனக்கே அது புளுகு மாதிரி கேட்டது. அன்றைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரத்தில் விசாரணை. தவறு என்னுடையது என்று முடிவானால் வேலையும் போகும், லைசென்ஸும் போகும்.

அந்தக் கம்பி ஏனண்ணனுடையது. செய்தி வந்தவுடன் தன் பையைத் தடவிப் பார்த்திருக்கிறார், இரண்டுதான் இருந்திருக்கிறது. சூப்பர்வைசர் வருவதற்குள், கருவிப்பெட்டியின் அடியில் கிடந்த பழைய கம்பி ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டார். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மர்மக்கதை எழுத எனக்குப் பொறுமை கிடையாது.

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் இமாம் நபிமார்களைப் பற்றிப் பேசினார். அவர்கள் பாவத்திலிருந்து இறைவனால் காக்கப்பட்டவர்கள், மாசற்றவர்கள் என்றார். தொழுகை முடிந்து எல்லோரும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்க, ஏனண்ணன் மட்டும் உள்ளே போய் இமாமைப் பிடித்துக்கொண்டார். இமாமுக்கு முப்பது வயதுகூட இருக்காது. பாவமே செய்யாதவர்கள் என்றால் ஆதம் நபி அந்த மரத்துக் கனியைச் சாப்பிட்டது என்ன கணக்கு என்று கேட்டிருக்கிறார். மூஸா நபி ஒருவனைக் கையால் குத்த, அவன் செத்தே போனானே, அது என்ன? யூனுஸ் நபி இறைவனின் உத்தரவு வரும் முன்பே ஊரை விட்டுக் கிளம்பினாரே, அது?

இமாம் நிதானமாகவே பதில் சொல்லியிருக்கிறார். இறைவனின் செய்தியைக் கொண்டுவந்து சேர்ப்பதில் நபிமார்களுக்குப் பிழை வராது, அதில் எல்லோரும் ஒரே பேச்சு. பெரும் பாவங்களை விட்டும் அவர்கள் காக்கப்பட்டவர்கள். சின்னச் சறுக்கல்கள் வருமா என்பதில்தான் அறிஞர்கள் பிரிகிறார்கள். அதுவும் வராது என்பவர்கள் உண்டு. வரலாம், ஆனால் இறைவன் அதிலேயே அவர்களை விட்டுவைக்க மாட்டான், உடனே திருத்திவிடுவான் என்பவர்களும் உண்டு. மூஸா நபியின் கை பட்டு அவன் செத்தது அவர் நபியாக அனுப்பப்படும் முன் நடந்தது. கொல்லும் எண்ணமும் அவருக்கு இல்லை.

யானைக்கும் அடி சறுக்கும் என்கிற மாதிரி ஏதாவது கிடைக்காதா என்றுதான் மனிதர் போயிருக்கிறார். அவர்களுக்கே சறுக்கியது என்றால் நான் எம்மாத்திரம் என்று மனதைத் தட்டித் தூங்கவைக்கலாம் அல்லவா? இதைப் பிற்பாடு அவரே என்னிடம் ஒப்புக்கொண்டார். ஆனால் கேள்வி என்று ஒன்று கையில் கிடைத்துவிட்டால், அதை எதற்காக எடுத்தோம் என்பதையே மறந்துவிடுகிற பிறவி அவர். மறுநாளே பக்கத்துத் தெருக் கண்ணாடிக் கடைக்காரரிடம் போய் நின்றார். அவர் ஷியா பிரிவைச் சேர்ந்தவர். பிறப்பு முதல் இறப்பு வரை நபிமார்களுக்குப் பாவமும் இல்லை, தவறும் இல்லை, மறதியும் இல்லை என்று அவர் அடித்துச் சொல்லிவிட்டார். ஆதம் நபி செய்தது பாவம் இல்லை, இரண்டில் மேலானதை விட்டது, அவ்வளவுதானாம். வழி காட்டுகிறவரே வழி தவறுவார் என்றால் பின்னால் போகிறவன் எதை நம்பி நடப்பது என்று கடைக்காரர் திருப்பிக் கேட்க, ஏனண்ணன் வாயடைத்துப்போனார். அவரை வாயடைக்க வைத்த மனிதரை அதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை.

வீட்டுக்கு வந்து யோசித்திருக்கிறார். திங்கட்கிழமை திரும்பவும் இமாமிடம். இந்த முறை கேள்வி லிஃப்ட்காரன் கேள்வி. நபிமார்கள் தப்பு செய்ய முடியாதவர்களா, செய்யாதவர்களா? ஓடவே ஓடாத லிஃப்ட்டும் யாரையும் கீழே தள்ளாது, அதற்குப் பெயர் பாதுகாப்பா? ஓட முடிந்தும் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதுதானே? இமாம் சிரித்துவிட்டு, இதே கேள்வியைப் பழைய அறிஞர்களும் அலசியிருக்கிறார்கள் என்றாராம். அவர்களிடமிருந்து விருப்பம் பறிக்கப்படவில்லை, விருப்பம் இருந்தும் காக்கப்பட்டார்கள், அதனால்தான் அதில் சிறப்பு இருக்கிறது என்று பலர் சொல்லியிருக்கிறார்களாம். அன்று ஏனண்ணன் வீட்டுக்குப் போய் அண்ணியிடம் அரைமணி நேரம் இதையே சந்தோஷமாக விளக்கியிருக்கிறார். வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் என்னைப் போய்ப் பார்த்தீர்களா என்று அண்ணி கேட்டதும் விளக்கம் நின்றுவிட்டது.

மறுநாள் என் வீட்டுக்கு வந்தார். வந்தவர் ஆறுதலாக நாலு வார்த்தை பேசக் கூடாதா? நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு, நபிமார்கள் மன்னிப்புக் கேட்டதெல்லாம் பாவம் செய்ததாலா, பணிவாலா, உனக்கு என்ன தோன்றுகிறது என்று கேட்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுவது என்றால் அது வேறென்ன? என் மனைவி டீயை டங்கென்று வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"அண்ணே, எனக்கு நபிமார் விஷயம் தெரியாது. என் விஷயமே தெரியலை," என்றேன். "கண்ணை மூடினா அந்த மின்பெட்டிதான் வருது. கழட்டின மாதிரியும் இருக்கு, கழட்டாத மாதிரியும் இருக்கு. நான்தான் விட்டிருப்பேன்போல."

அவர் டீயைத் தொடவில்லை. உனக்கு அறுந்த கம்பி போன மாதமே அறுந்ததுதானே என்று மெதுவாகக் கேட்டார். அதுவும் இப்போது நிச்சயமில்லை என்றேன். உண்மையிலேயே இல்லை. அந்த நாட்களில் நான் வீட்டு அடுப்பை அணைத்துவிட்டு, அணைத்தேனா என்று மூன்று தடவை போய்ப் பார்ப்பேன். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனையிலிருந்து திரும்பி வருவேன். வேலை போவது ஒரு பக்கம். ஒரு பெண்ணின் காலை உடைத்த கை இது என்று நினைத்து நினைத்து, என் குழந்தையைத் தூக்கவே பயந்தேன்.

அங்கிருந்து அவர் நேராகப் பள்ளிவாசலுக்குத்தான் போயிருக்கிறார். இமாம் பாவம், மூன்றாவது தடவை. மகளுக்குக் காய்ச்சல், ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, சலிப்பை மறைக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை. காப்பு எது வரைக்கும், சறுக்கல் எது வரைக்கும் என்று ஏனண்ணன் ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"அண்ணே, நீங்க எந்தப் பக்கம் வேணும்னாலும் நில்லுங்க. எல்லாப் பக்கமும் ஒத்துக்கிற ஒண்ணு இருக்கு. ஆதம் நபியும் அவங்க மனைவியும் 'எங்க இறைவனே, எங்களுக்கு நாங்களே அநியாயம் பண்ணிக்கிட்டோம்'னுதான் கேட்டாங்க. இன்னொருத்தரைக் கை காட்டலை. மூஸா நபியும் அப்படித்தான், மீன் வயித்துக்குள்ள இருந்த யூனுஸ் நபியும் அப்படித்தான். ஆதம் நபி கதையில பழியை அடுத்தவங்க மேல தள்ளினவன் ஒருத்தன்தான், அவங்களை ஏமாத்தி அந்தக் கனியைச் சாப்பிட வச்சவன். இறைவனைப் பார்த்தே 'நீதான் என்னை வழி கெடுத்தே'ன்னான். அவன் பேரை நான் சொல்லணுமா?"

ஏனண்ணன் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. அவர் அப்படிக் கேள்வி இல்லாமல் எழுந்துபோனதைப் பார்த்துத்தான் தனக்குப் பயமாகிவிட்டது என்று இமாம் பின்னால் என்னிடம் சொன்னார்.

மறுநாள் காலை நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து கம்பெனிக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். விசாரணை வரைக்கும் இழுத்தடிக்க எனக்குத் தெம்பில்லை. என் கவனக்குறைவால் கம்பி விடுபட்டது, அந்த அம்மாவின் காலுக்கு நானே பொறுப்பு, எந்தத் தண்டனை கொடுத்தாலும் ஏற்கிறேன் என்று எழுதி, கீழே என் பெயரையும் எழுதிவிட்டேன். கையெழுத்துதான் பாக்கி. கதவு திறந்தே இருந்தது. அவர் உள்ளே வந்து என் எதிரில் நின்றார். சட்டைப் பொத்தான்களைத் துளை மாறிப் போட்டிருந்தார்.

"அந்தக் கம்பி என்னுது," என்றார். "என் பையில ரெண்டுதான் இருந்துச்சு. மூணாவதைக் கருவிப்பெட்டியிலேர்ந்து எடுத்து வச்சுக்கிட்டேன். மறந்தது ஒரு நாள். தெரிஞ்சே வாயை மூடிக்கிட்டு இருந்தது ஏழு நாள்."

அவர் கடிதத்தை இழுத்து நின்றபடியே படித்தார், இரண்டு தடவை. பிறகு என் பேனாவை எடுத்து, என் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"எழுதினதெல்லாம் சரியா இருக்கு தம்பி. பேர்தான் தப்பு."

கம்பெனிக்கும் போனார், ஆசிரியையின் வீட்டுக்கும் போனார். அங்கே வாசலிலேயே நிற்கவைத்துத் திட்டினார்களாம். நின்று கேட்டுக்கொண்டு வந்தார். வேலை போயிற்று, லைசென்ஸும் போயிற்று. இப்போது தையல் மிஷின் ரிப்பேர் பார்க்கிறார். மன்னித்துவிட்டாயா என்று ஆளாளுக்கு என்னைக் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால்? சில நாள் ஆமாம், சில நாள் இல்லை. அந்தக் காலையில் அவர் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். அந்தக் கோபமெல்லாம் மறுநாள்தான் வந்தது. அவர் தெருவில் இறங்கிப் போனதும் நான் தொட்டிலுக்குப் போய்க் குழந்தையைத் தூக்கிக்கொண்டேன். நான் கழற்றிவிட்டுத்தான் வந்திருக்கிறேன் என்று அதனிடம் சொல்லிச் சொல்லி அழுதேன்.