இல்லை என்று நான் எழுதிய கூடம்

எங்கள் தெரு மக்கள் கட்டிய விவசாயத் தொழிலாளர் சங்கக் கூடத்தை இடிக்க வழி செய்து கொடுத்தவன் நான். உத்தரவில் கையெழுத்திட்டவர் நகராட்சித் தலைவர். இயந்திரத்தை ஓட்டியவன் யாரோ ஒரு ஒப்பந்தக்காரனின் ஆள். ஆனால் அந்தக் கட்டடத்துக்கு ஒரு சிறப்பும் இல்லை என்று அறிக்கை எழுதிய நகராட்சிப் பொறியாளர் நான்தான். அது பொய் என்று எழுதும்போதே எனக்குத் தெரியும். வயதாகி மனம் இளகியதால் இதைச் சொல்லவில்லை. கோபம் அடங்கவில்லை, அதனால் சொல்கிறேன். அந்தக் கோபத்தில் பெரும்பங்கு என்மேல்.

கூடம் என்றதும் பெரிதாக எதையும் நினைக்க வேண்டாம். கீழ்வேளூர்ச் சாலை எங்கள் ஊருக்குள் நுழையும் இடத்தில், எங்கள் தெருவை ஒட்டிய பழைய களத்து மேட்டில், நாட்டு ஓடு வேய்ந்த ஒரு நீளமான அறை. வாய்க்கால் மண்ணில் எங்கள் ஆட்களே செங்கல் அறுத்து, சூளை போட்டு, சுமந்து கட்டியது. சித்திர வேலைப்பாடு ஒன்றும் கிடையாது.

கூலித் தகராறு உச்சத்தில் இருந்த காலத்தில் அதைக் கட்டினார்கள். அதற்கு முன் பேச்சுவார்த்தை எல்லாம் மிராசுதார் வீட்டில்தான் நடக்கும். மிராசுதாரும் தாசில்தாரும் நாற்காலியில் இருப்பார்கள். எங்கள் ஆட்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முற்றத்து வெயிலில் நிற்பார்கள். மதியம்வரை வெயிலில் நின்றவன் கிடைத்தது போதும் என்று தலையாட்டிவிடுவான். மிராசுதார்களுக்கு அது நன்றாகத் தெரியும். ஒரு சம்பா அறுவடைக்கு முன் சங்கத்தார் சொல்லிவிட்டார்கள், இனி உங்கள் வீட்டுக்கு வர மாட்டோம், பேசுவதென்றால் எங்கள் கூடத்துக்கு வாருங்கள் என்று. கதிர் முற்றி வயலில் சாய்ந்துகொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் மிராசுதார்கள் வந்தார்கள். எங்கள் தெருவுக்குள் அவர்கள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. கூடத்தில் ஒரே ஒரு விதி: யாரும் நின்றுகொண்டு பேசக் கூடாது. வந்தவர்களும் எங்கள் ஆட்களும் ஒரே கோரைப்பாயில் உட்கார்ந்து பேசினார்கள். அன்று முடிவான கூலியைத்தான் சுற்றுவட்டாரக் கிராமங்கள் எல்லாம் பின்பற்றின.

ஐப்பசி மழையில் குடிசைகளுக்குள் தண்ணீர் ஏறும்போது தெரு முழுவதும் அந்தக் கூடத்தில்தான் ஒதுங்கும். நான் பாடம் படித்ததும் அங்கேதான். படித்துப் பொறியாளராகி, பல ஊர் சுற்றி, கடைசியில் சொந்த ஊர் நகராட்சிக்கே மாற்றலாகி வந்தேன்.

வந்த சில மாதங்களில், பாதுகாக்க வேண்டிய பாரம்பரியக் கட்டடங்களைப் பட்டியலிட்டு அனுப்பும்படி சென்னையிலிருந்து சுற்றறிக்கை வந்தது. பட்டியலில் ஏறினால் அனுமதியில்லாமல் இடிக்க முடியாது. மிராசுதாரின் பெரிய வீடு, அக்கிரகாரத்துச் சத்திரம், ஒரு மணிக்கூண்டு, இவை தாமாகவே ஏறிக்கொண்டன. சங்கக் கூடத்தையும் சேர்க்க வேண்டும் என்று ஒரு மனு வந்தது. கொடுத்தவர் எங்கள் வார்டு உறுப்பினர். என் பெரியப்பா மருமகள், எனக்கு அண்ணி முறை. நடவுக்குப் போய்க்கொண்டிருந்தவர், பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட இடத்தில் நின்று ஜெயித்தார். வீட்டில் என்னைக் "கொழுந்தனாரே" என்று கேலி செய்வார். அலுவலகத்தில் "சார்" என்பார்.

தலைவருக்கு அந்த இடம் வேண்டும். பேருந்து நிலையத்துக்குப் பக்கம், கடைகள் கட்ட வசதியான புறம்போக்கு மேடு. ஆளுங்கட்சிக்காரர். மேடை ஏறினால் சமூகநீதி, சுயமரியாதை என்று தொண்டை கிழியப் பேசுவார். என்னைக் கூப்பிட்டு மரியாதையாகத்தான் சொன்னார்.

"சார், அது உங்க ஆளுங்க கட்டடம். நீங்க என்ன எழுதுறீங்கன்னு ஊரே பாத்துக்கிட்டு இருக்கு. நான் ஒண்ணும் சொல்லல. நடுநிலையா எழுதுங்க, போதும்."

வெளியே வந்தால் மேலாளர் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். "பாருங்க, அந்த ஓட்டுக் கொட்டகைய நம்ம எஞ்சினியரு பெரிய கோயில் ரேஞ்சுக்கு எழுதப் போறாரு." இரண்டு பேர் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புதான் என்னைக் கவிழ்த்தது. லஞ்சம் வாங்கியிருந்தால்கூட இன்று இவ்வளவு அருவருப்பு இருந்திருக்காது. எங்களில் முதல் தலைமுறையாக நாற்காலிக்கு வந்தவர்கள் பலர் செய்யும் தவறு இது. சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டினான் என்று எவனும் சொல்லிவிடக் கூடாது என்று, சொந்தக்காரனுக்கு நியாயத்தையே மறுத்துவிடுவோம். அதற்கு நேர்மை என்று பெயரும் வைத்துக்கொள்வோம். மிராசுதாரின் பேரன் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் தன் வீட்டைப் பற்றிக் கூசாமல் நாலு பக்கம் எழுதியிருப்பான்.

கட்டடக்கலைச் சிறப்பு: இல்லை. வரலாற்றுச் சிறப்பு: இல்லை. படிவத்தில் இப்படி எழுதினேன். அதற்கடுத்து, கடைசியாக இன்னொரு கட்டம் இருந்தது, உள்ளூர் மக்கள் வாழ்வில் முக்கியத்துவம் என்று. அங்கே மட்டும் "இல்லை" என்று எழுதக் கை வரவில்லை. ஒரு கோடு கிழித்துவிட்டேன்.

மன்றக் கூட்டத்தில் அண்ணி எழுந்தார்.

"மிராசுதார் வீட்டுல பர்மா தேக்குத் தூணு இருக்காம், அதுனால அது வரலாறாம். சரிங்க, ஒத்துக்கிறேன். அந்தத் தூணுலதான் எங்க மாமனாரக் கட்டி வச்சு அடிச்சாங்க. அப்ப அது ரெண்டு வரலாறு ஆச்சே. அதையும் சேத்து எழுதிக்குங்க."

சில உறுப்பினர்கள் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார்.

"உணர்ச்சிவசப்படாதீங்கம்மா. எஞ்சினியர் சார் எழுதியிருக்காரு, நான் எழுதலையே. அவரும் உங்க தெருதானே?"

"அப்ப சார் சொல்லட்டும்" என்று அண்ணி என் பக்கம் திரும்பினார். "சொல்லுங்க சார். அந்தக் கூடத்துக்கு ஒரு சிறப்பும் இல்லையா?"

அடிபட்டவர் என் பெரியப்பா. அவர் முதுகில் இருந்த தழும்புகளை நான் சின்ன வயதில் தொட்டுப் பார்த்திருக்கிறேன். எழுந்து நின்று, "விதிப்படி பார்த்தா, இல்லைங்க" என்றேன்.

"சரிங்க சார்" என்று அண்ணி உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் என்னைக் கொழுந்தனாரே என்று கூப்பிட்டதில்லை.

கூடம் ஒரு காலைப்பொழுதுக்குள் போய்விட்டது. அந்த இடத்தில் இப்போது செல்போன் கடையும் பேக்கரியும் இருக்கின்றன. மிராசுதார் வீடு நகராட்சிப் பாதுகாப்பில் சுகமாக இருக்கிறது. அதைச் சுற்றுலா விடுதியாக்கிவிட்டார்கள். வெளிநாட்டுக்காரர்கள் அந்தத் தூணில் சாய்ந்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். டெல்டா விவசாயிகளின் பெருமை என்று வாசலில் பலகை வைத்திருக்கிறார்கள். அதைக் கடந்து போகும் ஒவ்வொரு முறையும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அடித்தவன் வீடு விவசாயியின் பெருமை ஆகிவிட்டது. அடிபட்டவன் கட்டியதற்கு ஒரு செங்கல்கூட மிச்சமில்லை. அந்தப் பலகையை வைக்க இடம் கொடுத்ததே நான் எழுதிய பட்டியல்.

ஓய்வு பெற்றபின் நகராட்சிக்குப் போய், என் அறிக்கை பொய் என்று எழுதிக் கொடுத்தேன். புதிய ஆணையர் படித்துவிட்டு, "இல்லாத கட்டடத்த எந்த லிஸ்ட்ல சார் சேக்குறது?" என்றார். அவர் கேட்டதில் தப்பில்லை. கோப்பை மூடிவிட்டார்கள்.

கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் இதே மாதிரி ஒரு சங்கக் கூடம் இடியாமல் இருப்பதைக் கேள்விப்பட்டேன். அங்கே போய் அளந்தேன், படம் வரைந்தேன், பெரியவர்களைக் கேட்டு எழுதினேன். கடைசிக் கட்டத்தை முதலில் நிரப்பினேன். மாவட்டக் குழு இரண்டு முறை திருப்பி அனுப்பியது. வளைவு இல்லை, தூண் இல்லை, அதனால் சிறப்பு இல்லை என்று என்னுடைய பழைய வார்த்தைகளையே எனக்குத் திருப்பிச் சொன்னார்கள். உட்கார்ந்து சண்டை போட்டேன். அந்தக் கூடம் பட்டியலில் ஏறியது.

அதை அண்ணியிடம் சொல்லப் போனேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நல்ல காரியம். அவங்க கூடம் தப்பிச்சுது. நம்ம கூடத்துக்கு என்ன செஞ்சீங்க?"

"தப்புன்னு எழுதிக் குடுத்தேன் அண்ணி. ஆணையர்கிட்டயே."

"ஆணையரா செங்கல்லு சொமந்தாரு? ஆபீசுல போயி அழுதுட்டு வந்திருக்கீங்க. தெருவுல வந்து ஒரு வார்த்த சொன்னீங்களா?"

சொல்லவில்லை. அத்தனை வருடமும் அதை மட்டும் செய்யாமல் தப்பித்துக்கொண்டிருந்தேன்.

சங்கக் கூட்டம் இப்போது ரேஷன் கடை வாசலில் நடக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கே போய், நடந்ததை நடந்தபடி சொன்னேன். கூடத்தைக் கட்டும்போது செங்கல் சூளையில் வேலை செய்த பெரியவர் ஒருவர், நான் முடிப்பதற்குள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். ஒரு பெண், "படிச்சிட்டு வந்து நமக்கு நல்லது செய்வான்னு இருந்தோம்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை. பிறகு செயலாளர், "சரி, அடுத்து மெஷின் அறுப்புக் கூலி விசயம்" என்றார். பேச்சு தொடர்ந்தது. அண்ணி என்னைப் பார்க்கவில்லை. போகச் சொல்லவும் இல்லை. நான் ஓரமாக உட்கார்ந்திருந்தேன்.

பாதியில் அரிசி மூட்டை இறக்க லாரி வந்து ஹார்ன் அடித்தது. கடைக்காரர் உள்ளேயிருந்து, "எழுந்திருங்கப்பா, எழுந்திருங்க, இதென்ன உங்க எடமா?" என்றார். எல்லோரும் எழுந்தார்கள். சாலை ஓரத்துக்குப் போய், வெயிலில் நின்றுகொண்டு, மீதிக் கூட்டத்தைப் பேசி முடித்தார்கள்.