கனி காலி செய்த பாத்திரங்கள்

ஜூலை மாதத்தின் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பதே காலுக்கு, என் மனைவி செல்லக்கனி மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள். செருப்பைக் கழற்றினாள். வார் பதிந்த இடம் இரண்டு பாதங்களிலும் பள்ளமாக இருந்தது. பகல் ஒரு மணிக்கு எனக்குச் சோறு போடும்போதும் அந்தப் பள்ளம் அப்படியே இருந்தது.

“மழையில செருப்பு ஊறி இறுகிட்டு. இதையும் எழுதப் போறியளாக்கும்?” என்றாள்.

எழுதினேன். திருமணமான நாளிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். குழாயில் தண்ணீர் வந்த நேரம், நின்ற நேரம், முதல் மழை, கரண்ட் போன நேரம், ஊரிலிருந்து வந்தவர் போனவர் எல்லாம் அதில் உண்டு. மும்பை மாட்டுங்கா லேபர் கேம்பில் எங்களுக்கு ஒரே அறை. ஒரு மூலையில் அடுப்பு, அதன் பக்கத்தில் பாத்திரம் கழுவும் மோரி. அந்த அறையில் நடந்த எதுவும் என் குறிப்பிலிருந்து தப்பாது என்று அப்போது நம்பியிருந்தேன். முந்தைய ஆண்டுதான் லாரி கம்பெனி கிளார்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தேன். எழுத நிறைய நேரம் இருந்தது.

வீக்கம் ஆகஸ்டில் முகத்துக்கும் வந்தது. ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, ரத்தத்தில் இது கூடினால் சிறுநீரகம் தளர்ந்துவிட்டதென்று பொருள்) எட்டைத் தாண்டியிருந்தது. மருத்துவர் முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். ரத்த அழுத்தம் எத்தனை வருடமாக இருக்கிறது என்று இந்தியில் கேட்டார். கனி என்னைப் பார்த்தாள். நான் நாட்குறிப்பை நினைத்துப் பார்த்தேன். அவளுக்கு ரத்த அழுத்தம் பார்த்ததாக ஒரு வரிகூட அதில் இல்லை. தலைவலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் போட்ட மாத்திரைகளைப் பற்றியும் இல்லை.

நவம்பரில் டயாலிசிஸ் (சிறுநீரகத்துக்குப் பதிலாக இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்து, மிகுதி நீரை எடுப்பது) தொடங்கியது. அதற்காக இடது கையில் ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைத்து ஊசி ஏற்ற ஏதுவாக்கும் சிறு அறுவை) வைத்தார்கள். விரல் வைத்தால் அந்த இடம் உள்ளே ஏதோ இரைவதுபோல் அதிரும். செம்பூரில் ஒரு மையம். செவ்வாய், வெள்ளி, காலை ஏழு முதல் பதினொன்று வரை.

நோயாளியின் வீட்டார் முதலில் கற்றுக்கொள்ள வேண்டிய சொல் ‘உலர் எடை’ (உடம்பில் தேவைக்கு மேல் நீர் தங்காதபோது இருக்கும் எடை). கனிக்கு அது நாற்பத்தொன்பது கிலோ. அவளுக்குச் சிறுநீர் அநேகமாக நின்றுவிட்டது. குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கும். ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறக் கூடாது என்றார் மருத்துவர். ஏறினால் நீர் நுரையீரலில் தேங்கும், இதயம் அதைத் தாங்க வேண்டிவரும், அது தாங்குகிற இதயமாகத் தெரியவில்லை.

ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி. அதில் தண்ணீர், காப்பி, மோர், ரசம், ஐஸ் துண்டு எல்லாம் அடக்கம். நான் தனியாக ஒரு நோட்டுப் போட்டேன். குறியிட்ட கண்ணாடி டம்ளர் ஒன்று வாங்கினேன். எங்களோடு இருக்கும் மகள் ஜோதி அந்தேரியில் ஒரு அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். தமிழ் பேசுவாள், வாசிக்க வராது. “அப்பா, அம்மாவுக்கு ஒரு ஆப் இருக்கு, அதுல போட்டா போதும்” என்றாள். எனக்கு நோட்டுத்தான் சரியாக வந்தது.

ஜனவரி முதல் வாரத்திலிருந்து எடை மூன்றரை கிலோ கூடத் தொடங்கியது. என் நோட்டில் எழுநூறுக்கு மேல் ஒரு நாளும் இல்லை.

மையத்தில் ஊசி ஏற்றுகிற பெண் மராத்திக்காரி. எடை மெஷினைப் பார்த்துவிட்டு, “காகா, ஹே காய்? சாடேதீன் கிலோ!” என்பாள், என்ன இது, மூன்றரை கிலோவா என்று. பிறகு கனியிடம், “மாவ்ஷி (சித்தி), உள்ளே குளம் வெட்டியிருக்கிறாயா?” என்று சிரிப்பாள். கனியும் சிரிப்பாள். அவ்வளவு நீரை நான்கு மணி நேரத்தில் எடுக்கும்போது கால் நரம்புகள் சுருட்டிப் பிடிக்கும். சிரிப்பு ஒன்பது மணிக்கு நின்றுவிடும்.

மருத்துவரிடம் நோட்டைக் காட்டினேன். நான் இந்தியில் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, பொறுமையாகவே பதில் சொன்னார். “ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. உடம்பில் ஏறியது வாய் வழியாகத்தான் போயிருக்க வேண்டும்.”

நான் மனிதர்களைவிட எண்களை நம்புகிறவன். அன்றிலிருந்து கனி ஒளித்துக் குடிக்கிறாள் என்று முடிவுகட்டினேன். குடிதண்ணீர்க் குடத்தை என் கட்டில் பக்கத்துக்கு மாற்றினேன். குளிர்பதனப் பெட்டியில் இருந்த பாட்டில்களில் பென்சிலால் கோடு போட்டேன். விடிகாலை ஐந்தரை மணிக்குக் குழாயில் தண்ணீர் வரும்போது இரண்டு டிரம்களையும் நானே நிரப்பினேன். அவளைப் பக்கத்தில் விடவில்லை.

“பச்சப்புள்ளைக்குப் பால் அளக்க மாதிரி அளந்து தாரிய. பெறவு திருடுதேன்னும் சொல்லுதிய” என்றாள். “ஒரு மடக்கு கூடுதலாக் குடிச்சிருந்தா என் நாக்கு அழுகிப் போவட்டும்.”

ஜோதி, “அம்மா பொய் சொல்ல மாட்டாப்பா. உங்க ஹிசாப்லதான் ஏதோ கட்பட்” என்றாள். என் கணக்கில் குளறுபடி என்று யாரும் அதுவரை சொன்னதில்லை. அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது.

மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை எடை மூன்றே முக்கால் கிலோ கூடியிருந்தது. மராத்திப் பெண் காரணம் கேட்டாள். “ஜூட் போல்தீ ஹை” என்றேன். இவள் பொய் சொல்கிறாள் என்று. முப்பத்தொரு வருடமாகத் தாராவி மார்க்கெட்டில் இந்தியில் பேரம் பேசியவள் கனி. அவளுக்கு அது புரியாமலிருக்காது. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான்கு மணி நேரமும் திருப்பவில்லை.

திரும்பும்போது டாக்சியில் ஒன்றே ஒன்று கேட்டாள். “வேத்து ஆளு முன்னால சொல்லணுமா?”

ஏப்ரல் மாதம் ஒரு வியாழக்கிழமை பகல் இரண்டு பத்துக்குக் கரண்ட் போனது. எங்கள் வீட்டு வழக்கம் இது: நான் முதலில் சாப்பிடுவேன். சாப்பிட்டதும் மின்விசிறிக்கு அடியில் வாசலைப் பார்த்துச் சாய்ந்து பேப்பர் படிப்பேன். அதன் பிறகு கனி சாப்பிடுவாள். சாப்பிட்டாயிற்று என்று அவள் சொன்னதும் நான் திரும்பிப் பார்க்காமலே, “ரசம் எவ்வளவு? மோர் எவ்வளவு?” என்று கேட்டு எழுதிக்கொள்வேன். அவள் சொன்னது தட்டில் ஊற்றிக்கொண்டது. அதில் ஒரு சொட்டுப் பொய் கிடையாது.

அன்று விசிறி ஓடாததால் காற்றுக்காகப் புரண்டு படுத்தேன். அடுப்பு மூலை கண்ணுக்கு எதிரே வந்தது.

கனி சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்திருந்தாள். பிறகு ரசச் சட்டியைத் தூக்கினாள். அடியில் ஒரு கரண்டிக்கு மேல் ரசம் கிடந்தது. நின்றபடியே அதை வாயில் சரித்துக்கொண்டு சட்டியை மோரியில் போட்டாள். மோர் இருந்த கிண்ணத்தை எடுத்தாள். அதையும் சரித்தாள். ஓரத்தில் ஒட்டியிருந்ததற்காகக் கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஒரு சுழற்று சுழற்றி, அதையும் குடித்தாள். காலைக் காப்பிப் பாத்திரத்தில் மிச்சம் இருந்தது. அதுவும் போனது. அவள் முகத்தில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. கை தன் பாட்டுக்கு வேலை செய்தது.

“என்ன பண்ணுத?” என்றேன்.

“பாத்திரம் கழுவுதேன். கண்ணு தெரியலையா?”

“ரசத்தக் குடிச்சியே கனி.”

“குடிக்கவா செஞ்சேன்? மிச்சத்தக் காலி பண்ணுனேன். மோரியில ஊத்தவா சொல்லுதிய?”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் கை நின்றது. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு அதையே பார்த்தாள்.

மறுநாளிலிருந்து மிச்சத்தையெல்லாம் அவள் தொடுமுன் என் டம்ளரில் ஊற்றி அளந்தேன். ரசம், மோர், கழுவிய தண்ணீர், காப்பி, ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுபடியும் ரசம். சராசரி ஒரு நாளைக்கு நானூற்று முப்பது மில்லி. மூன்றரை நாளுக்கு ஒன்றரை லிட்டர். இரண்டு கிலோ ஏற வேண்டிய இடத்தில் மூன்றரை ஏறியதற்குக் காரணம் அதுதான். போதாததற்கு அது உப்புப் போட்ட எங்கள் ரசம். தனக்கென்று உப்பில்லாமல் தனியாக வைத்துச் சாப்பிட்டவள், தாகத்தைக் கூட்டும் உப்பைக் கடைசியில் நின்றபடி உள்ளே விட்டிருக்கிறாள்.

கூட்டலை அவளுக்குச் சொன்னேன். அவளும் விரல்விட்டு ஒருமுறை கூட்டிப் பார்த்தாள். பிறகு, “அப்ப நான் குடிச்சுத்தான் இருக்கேன். நீங்க சொன்னது சரிதான் போல. மனசுல வச்சுக்கிடாதிய” என்றாள்.

என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இன்று தெரிகிறது. முப்பத்தொரு வருட நாட்குறிப்பில் நான் சாப்பிட்டது இருக்கிறது, விருந்தாளிகள் சாப்பிட்டது இருக்கிறது, ஜோதியின் முதல் சோற்றூட்டல் இருக்கிறது. கனி எப்போது உட்கார்ந்தாள், என்ன சாப்பிட்டாள் என்று ஒரு நாள்கூட இல்லை. அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அவள் குடித்ததை அளந்தேன். அன்று இதைச் சொல்லவில்லை. “சரி, விடு” என்றேன்.

மே மாதத்திலிருந்து அவள் முதலில் உட்கார்ந்தாள். நான் பரிமாறினேன். பாத்திரங்களை நான் கழுவினேன். “மொத ஆளாத் திங்க வெக்கமா இருக்கு. யாராவது வந்துறப் போறாவ, கதவச் சாத்துங்க” என்பாள். சமையலையும் ஒவ்வொன்றாக நானே எடுத்துக்கொண்டேன். என் ரசத்தைப் பற்றி அவள் தீர்ப்பு: “இதுக்கு அளவே வேண்டாம். ஒரு வாய் வச்சா தாகம் ஊரவிட்டே ஓடிரும்.” எடை ஒன்றே முக்கால், இரண்டு, ஒன்றரை என்று வந்தது. மராத்திப் பெண் மெஷின் முன் கைதட்டினாள். ஒன்பது மணிக்கு மேலும் கனி பேசிக்கொண்டிருந்தாள். அந்த ஒன்பது மாதங்களில் எங்களுக்குள் நடந்த பேச்சு அதற்கு முந்தைய பத்து வருடங்களில் நடந்திருக்காது.

ஆனால் எக்கோ (ஒலி அலையால் இதயத்தின் இயக்கத்தைப் பார்க்கும் சோதனை) இதயம் வீங்கியிருப்பதைக் காட்டியிருந்தது. மருத்துவரைத் தனியே பார்த்து, அந்த மூன்றரை மாதங்களாலா என்று கேட்டேன். “முன்னமே கொஞ்சம் இருந்தது. அப்போது கொஞ்சம் கூடியிருக்கும். பிரித்துச் சொல்ல முடியாது” என்றார். பிரித்துச் சொல்ல முடியாத ஒன்றை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பிப்ரவரியில் ஒரு திங்கட்கிழமை. விடிகாலை ஐந்து முப்பத்தைந்துக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. நான் முதல் டிரம்மை நிரப்பிக்கொண்டிருந்தேன். கனி சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். மறுநாள்தான் டயாலிசிஸ். “ரெண்டாவது டிரம்மையும் நெப்பிருங்க” என்றாள். நான் ஜோதியை எழுப்பினேன். டாக்சியில் என் தோளில் சாய்ந்திருந்தாள். இடது கையின் அதிர்வு என் விரலில் தெரிந்துகொண்டே வந்தது. சயான் பாலத்தைத் தாண்டியதும் தெரியவில்லை. ஆறு நாற்பது.

பக்கத்து வீட்டுப் பெண்கள் எங்கள் வீட்டைத் திறந்து, நான் பாதியில் விட்டுப்போன குழாயிலிருந்து இரண்டாவது டிரம்மையும் நிரப்பி வைத்திருந்தார்கள். அந்தத் தண்ணீரில்தான் கனியைக் குளிப்பாட்டினார்கள். குடம் குடமாக ஊற்றினார்கள். யாரும் அளக்கவில்லை.

உங்கள் வீட்டில் இந்த நோய் வந்திருந்தால் நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். நோயாளி வீட்டுப் பெண்ணாக இருந்தால் தட்டை மட்டும் பார்க்காதீர்கள். சாப்பாடு முடிந்த பிறகு அடுப்பு மூலையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அவளிடம் கேட்டால் தெரியாது. அதைச் சாப்பிட்டதாக அவள் நினைப்பதில்லை.

எனக்கு அறுபத்தொன்று நடக்கிறது. சிறுநீர் கழிக்கும்போதெல்லாம், அவள் உடம்பு அவளுக்குத் தராத ஒன்றை என் உடம்பு எனக்குத் தருகிறது என்று தோன்றுகிறது. முன்பு அதை நினைத்ததே இல்லை. செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழு மணிக்குக் கால்கள் செம்பூருக்குக் கிளம்பப் பார்க்கின்றன. மற்ற நாட்கள் அந்த இரண்டுக்கும் நடுவே சும்மா கிடக்கின்றன. நாட்குறிப்பில் இப்போது தண்ணீர் வந்த நேரம் மட்டும்தான் எழுதுகிறேன்.

இருவருக்கு ரசம் வைக்கிற அளவு எனக்கு இன்னும் கைவரவில்லை. தினமும் அடியில் ஒரு கரண்டி மிஞ்சுகிறது. “ஃபேங்க் தோ நா, அப்பா” என்கிறாள் ஜோதி. கொட்ட மனம் வருவதில்லை. அவள் கை கழுவப் போனதும் சட்டியைத் தூக்கி, நின்றபடியே வாயில் சரித்துக்கொள்கிறேன். பிறகு கொஞ்சம் தண்ணீர் விட்டுச் சுழற்றுகிறேன்.