பக்கத்துத் தொட்டி இறால்கள்

ரஞ்சிதம் அக்காவை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல்தான் வருகிறது. பூன் லேயிலிருந்து விடியற்காலையில் பஸ் பிடித்து எங்கள் இறால் பண்ணைக்கு வருவார். தீவனம் போடுவது அவர் வேலை. அதற்கு முன் பல வருஷம் பள்ளிக்கூட கேண்டீனில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார். முழங்கால் வலி மட்டும் போகவில்லை. அறுபதை நெருங்கும் வயதில் வேறு யார் வேலை தருவார்கள்?

பண்ணையும் நொடித்துக்கொண்டிருந்தது. மூலிகை கலந்த தீவனத்தால் நன்னீர் இறாலின் சதையில் புரதம் கூடுகிறது என்று காட்டிவிட்டால் நல்ல விலைக்கு விற்கலாம் என்று முதலாளி நினைத்தார். காட்ட வேண்டியவன் நான். அங்கே ஆய்வு பார்ப்பவன். சிராங்கூன் ரோட்டு நாட்டு மருந்துக் கடையில் வெந்தயமும் கீழாநெல்லிப் பொடியும் வாங்கித் தீவனத்தில் சேர்த்தோம். ஒரு தொட்டிக்கு அது, பக்கத்துத் தொட்டிக்கு வெறும் தீவனம். இரண்டையும் ஒப்பிட்டால்தான் மூலிகை வேலை செய்ததா என்று தெரியும். இதை அக்காவிடம் படித்துப் படித்துச் சொன்னேன். தலையை ஆட்டினார்.

சில மாதம் கழித்துச் சதையைப் பரிசோதித்தால் இரண்டிலும் ஒரே அளவு புரதம். பண்ணையை மூடிவிடலாம் என்றார் முதலாளி. எனக்குச் சந்தேகம் தட்டியது. வெறும் தீவனம் தின்ற இறால் எப்படி இவ்வளவு தேறும்? அக்காவிடம் கேட்டேன். மறைக்கவில்லை அவர்.

“தெனமும் ரெண்டு பிடி மருந்துத் தீவனத்த அந்தப் பக்கமும் போட்டேன் தம்பி. அதுங்களும்தான் கண்ணாடிகிட்ட வந்து நிக்குது. பந்தியில ஒருத்தருக்கு வெச்சிட்டு, பக்கத்து எலைய எப்படித் தாண்டிப் போறது?”

இறாலுக்குப் பந்தியாம்! வாய்க்கு வந்ததைச் சொல்லித் திட்டினேன். அவர் வாளியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

நடந்ததை முதலாளியிடம் சொல்லி, கெஞ்சிக் கூத்தாடி, இன்னொரு முறை செய்துபார்க்கச் சம்மதம் வாங்கினேன். அவர் குதித்துத் தீர்த்த பிறகு, அக்காவும் இருக்கட்டும் என்று இறங்கிவந்தார். இனிமேல் சொன்னபடி மட்டுமே போடுவேன் என்று அக்கா வாக்குக் கொடுத்தால் போதுமாம். எனக்கு அப்பாடா என்று இருந்தது. ‘சரி’ என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதானே.

அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

“சரின்னு சொல்லிடலாம் லா. ஆனா போட்டுடுவேன் தம்பி, எனக்குத் தெரியும். வேற ஆள வெச்சுக்குங்க.”

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்துவிட்டார்.

புதிதாக வந்தவர் எள்ளளவும் பிசகாமல் போடுகிறார். ஆய்வு ஒழுங்காக நடக்கிறது. வெறும் தீவனத் தொட்டிப் பக்கம் போகும்போது நான்தான் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.