சிங்கம் வைத்த பாலம்

எங்கள் தெருவில் எல்லா வீட்டு வாசலுக்கும் முன்னால் வாய்க்கால். கோமுகி அணைத் தண்ணீர் வரிசையாக எல்லா வீடுகளையும் தாண்டி, கடைசி வீடான எங்கள் வீட்டையும் தாண்டி, எங்கள் கரும்புக்குப் போகும். ரோடு அக்கரையில் என்பதால் வீட்டுக்கு ஒரு பாலம். ஒருவர் பாலத்தில் சிமெண்ட் தாமரை வைத்தால் பக்கத்து வீட்டுக்காரர் மயில் வைப்பார். மயில்காரர் வீட்டில் உட்சுவருக்குப் பூச்சுகூடக் கிடையாது.

அக்காவுக்கு எலவனாசூர்கோட்டையில் சம்பந்தம் அமைந்தது. கல்யாணம் எங்கள் வீட்டில். கார் வாசல்வரை வருமா என்று மாப்பிள்ளை வீட்டார் பேச்சுவாக்கில் கேட்டுவிட்டுப் போனார்கள். அப்பாவுக்குத் தூக்கம் போயிற்று. வாய்க்கால் காய்ந்திருந்த மாதம் பார்த்து, நடுவில் தூண் நிறுத்தி, தெருவிலேயே அகலமான பாலத்தைக் கட்டினார். ரோட்டோரம் இரண்டு சிங்கங்கள். ஒன்றுக்கு அப்பாவின் மீசை அமைந்துவிட்டது. எனக்கு ஏகப் பெருமை.

கரும்பு வெட்டியதும் கல்யாணம் என்று ஏற்பாடு. அணையைத் திறந்தார்கள். எங்கள் கரும்புக்கு மட்டும் தண்ணீர் வரவில்லை. தோகை காயக் காய, அப்பா ஒவ்வொரு பாலமாகப் போய்ச் சண்டை பிடித்தார்.

"பயிரு காயுது. நீ இன்னாடான்னா வாய்க்கால அடைச்சிக்கினு மயிலு வச்சிக்கினு இருக்கற."

மயில்காரர் நிதானமாகச் சொன்னார்: "எங்க வூடு வரைக்கும் நல்லா ஓடுதுங்க. ஒங்க வூட்டுக்கு அந்தாண்டதான் காணோம்."

வந்து பார்த்தோம். கொத்தனார் பாலத்தடியில் விட்டுப்போன சென்ட்ரிங் பலகைகள் நடுத்தூணில் மாட்டி, அதில் ஊர் வாழைமட்டையெல்லாம் சேர்ந்து அடைத்திருந்தது. தண்ணீர் பக்கத்துச் சந்து வழியாகப் புறம்போக்கில் பாய்ந்து கோரையைச் செழிப்பாக வளர்த்துக்கொண்டிருந்தது. தினமும் சிங்கத்தைப் பார்த்த நாங்கள் யாரும் அதன் கீழே குனிந்து பார்க்கவில்லை. ஆள் இறங்கி இழுத்தும் பலகை அசையவில்லை. தூணை உடைத்தாக வேண்டும்.

"கல்யாணம் முடியட்டும், பாத்துக்கலாம்" என்றார் அப்பா.

அம்மா அன்றுதான் அந்தப் பாலத்தைப் பற்றி முதன்முதலாக வாய் திறந்தாள். "கரும்பு காஞ்சா கல்யாணம் ஏது? மாப்ள ரோட்லயே எறங்கி நடந்து வருவாரு. தண்ணி எறங்கி நடந்து வருமா?"

மறுநாள் பாலத்தை உடைத்தார்கள். கரும்பு பிழைத்தது. கல்யாணத்தன்று கார் சிங்கங்களுக்கு முன்னால் வந்து நின்றது. அவற்றுக்குப் பின்னால் பாலம் இல்லை, அதே சென்ட்ரிங் பலகைதான் குறுக்கே கிடந்தது. மாப்பிள்ளை பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதில் காலை வைத்தார்.

அப்பா இக்கரையிலிருந்து கை நீட்டினார். "பாத்து வாங்க மாப்ள. கீழ தண்ணி ஓடுது."