கடைசி சைக்கிளில் கேட்ட சிரிப்பு

அவரை எல்லோரும் முன்சக்கரம் என்றுதான் கூப்பிட்டார்கள். சைக்கிளில் ஊர் சுற்ற வருகிறவர்களை ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக அழைத்துப் போவது அவர் வேலை. அணைக்கட்டில் புறப்பட்டு, ஆற்றை ஒட்டிய மண்பாதையில் இறங்கி, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போய், ஆறு அகலமாகிற இடத்திலுள்ள விடுதியில் பயணம் முடியும். முதல் சைக்கிள் எப்போதும் அவருடையது. எந்த மேட்டுக்கு எந்த கியர், எந்தத் தோட்டத்து நாய் துரத்தும், எல்லாம் அவருக்கு அத்துபடி. திரும்பிப் பார்க்கிற பழக்கம் மட்டும் கிடையாது. பின்னால் வரிசையாக வரும் சக்கரங்களின் சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தால் போதும், அவருக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அவருடைய மனைவி ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருந்தாள். பல் பிடுங்க வந்து நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தே அவர்களைச் சிரிக்க வைத்துவிடுவாள். டாக்டர் ஆஸ்பத்திரியை மூடிவிட்டு மகனோடு இருக்கப் போய்விட்டார். அதே சமயத்தில், பயணத்தில் கடைசி சைக்கிளில் வருகிற ஆளும் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான். அந்த இடத்துக்கு அவள் பெயரை, பயணங்களை நடத்துகிற முதலாளியம்மாவிடம் சொன்னது முன்சக்கரமேதான்.

"வீட்ல சும்மா இருக்கறதுக்கு எங்ககூட வாயேன்" என்றார் மனைவியிடம். "கடைசில வந்தா போதும். மூச்சு வாங்கறவங்க, பஞ்சர் ஆனவங்க, அவங்களப் பாத்துக்கோ. அதுல பெரிய வேலை ஒண்ணும் இல்ல."

ஆஸ்பத்திரிக்குத் தினமும் சைக்கிளில் போய் வந்தவள்தான். சரி என்றாள்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு நாள் மதகு பக்கம் மரத்தடியில் எல்லோரும் கூடிச் சாப்பிடுகிற நேரம். முன்சக்கரம் சைக்கிளை விட்டு இறங்கிப் பார்த்தால், கூட வந்து சேர்ந்தது ஒரே ஒரு வங்கி அதிகாரி.

"மத்தவங்க எங்க சார்?" என்று அந்த அதிகாரி கேட்டார்.

"வருவாங்க" என்றார் முன்சக்கரம்.

வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒருவர் இருவர் இல்லை, ஒரு கல்யாணக் கூட்டமே சிரிக்கிற மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து அவர்கள் வந்தார்கள். எல்லோருக்கும் உதடு ஊதா நிறமாக இருந்தது. வழியில் ஒரு தோட்டக்காரர் கூடை நிறையப் பழம் கொடுத்தாராம்.

"அக்கா கூட வந்தா நேரம் போறதே தெரியல" என்றாள் ஒரு பள்ளிக்கூட டீச்சர்.

"அது தெரியுது. சோறு ஆறிப்போச்சு" என்றார் முன்சக்கரம்.

அன்றிலிருந்து அவருக்கு வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது. புறப்படும்போதே ஆட்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். தூண் மாதிரித் தொடை வைத்திருந்த ஒரு வாலிபன் வந்து, "சார், எனக்குக் கொஞ்சம் மூட்டு வலி. நான் பின்னாடியே வரேனே" என்றான். இன்னொருத்தி தன் டயரில் காற்றைத் தானே இறக்கிவிட்டதை அவர் கண்ணால் பார்த்தார். கடைசியில் அந்த வங்கி அதிகாரி மாதிரி ஒருவர்கூட இல்லாமல், தன் ஒற்றைச் சைக்கிளின் சத்தத்தைத் தானே கேட்டுக்கொண்டு போகிற நிலைமை வந்தது.

"அப்படி என்னதான் எல்லாரும் பேசறீங்க?" என்று மனைவியிடம் கேட்டார்.

"சும்மாதான்" என்றாள்.

அந்தச் சும்மா அவரைச் சும்மா இருக்க விடவில்லை.

அடுத்த பயணத்தில், முன்னால் வந்த இரண்டு பேரை மேட்டு மண்டபத்தில் போய் இருக்கச் சொல்லிவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு திராட்சை வரிசைக்குள் நுழைந்தார். கொடிகளுக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். சொட்டுநீர்க் குழாய் ஒன்று சட்டையின் முதுகை நனைத்தது. அசையவில்லை. அவர் அதிர்ஷ்டமோ துரதிர்ஷ்டமோ, யாருக்கோ செயின் கழன்று, கூட்டம் சரியாக அதே இடத்தில் நின்றது. மனைவி செயினை மாட்டிக்கொண்டே பேசினாள்.

"எங்களுக்குக் கல்யாணம் ஆன புதுசு. அவர் மிதிக்க, நான் பின்னாடி கேரியர்ல. வழில என் செருப்பு விழுந்துடுச்சு. எடுக்கலாம்னு குதிச்சுட்டேன். அவருக்குத் தெரியல. பேசிட்டே போறாரு, போறாரு, மார்க்கெட் வரைக்கும் போயிட்டாரு. எந்த வீட்டுக்குக் குடி போலாம், சுவருக்கு என்ன கலர் அடிக்கலாம், எல்லாம் என்கிட்ட யோசன கேட்டுட்டே! 'நீ என்ன சொல்ற'ன்னு திரும்பினா, ஆளே இல்ல."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"அப்புறம்?" என்றாள் ஒருத்தி.

"அப்புறம் என்ன, பதறிட்டுத் திரும்பி வந்தாரு. நான் ஒரு கல்லு மேல உக்காந்திருக்கேன். என்னப் பாத்ததும் அழுதுட்டாரு."

"முன்சக்கரமா? அழுதாரா?"

அவ்வளவுதான். முன்சக்கரம் கொடிகளுக்கு நடுவிலிருந்து எழுந்தார். தலையில் இலை, முதுகில் ஈரம். சைக்கிளை எடுத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் மேட்டில் ஏறிப் போய்விட்டார்.

சாயங்காலம் விடுதி அறையில் மனைவி கட்டிலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அவர் ஜன்னல் பக்கம் நின்றார்.

"அது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கற விஷயம். அத எடுத்துக் கண்டவங்களுக்கும் பங்கு வைக்கறியா?"

"நான் கேலியாச் சொல்லலங்க. நீங்க அழுதது எனக்குப் பெருமை."

"பெருமையா இருந்தா வீட்லயே வச்சுக்க வேண்டியதுதானே?"

"வீட்ல யாருகிட்ட சொல்ல? உங்ககிட்ட சொல்லலாம்னா நீங்க எப்பவும் அரை மைல் முன்னாடி இருக்கீங்க."

அவர் ஜன்னல் கதவைப் படாரென்று சாத்தினார். "நாளைக்கு நீ முன்னாடி போ. நான் கடைசில வரேன். அப்பத் தெரியும்" என்றார். பயந்து வேண்டாம் என்பாள் என்று நினைத்தார்.

"சரி" என்றாள். உடனே சொன்னாள். அதுதான் அவரை அதிகமாகக் குத்தியது.

மறுநாள் அவர் பங்குக்கு வந்தவர் ஒரு ஆடிட்டர். கனத்த உடம்பு, இரைக்கிற மூச்சு. முன்சக்கரம் அவருக்குக் கியரைப் பற்றியும் மூச்சைப் பற்றியும் விடாமல் பாடம் நடத்தினார். ஆடிட்டர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சார், கொஞ்ச தூரம் பேசாம வரலாமா?" என்றார்.

பேசாமல் போனார்கள். ஆற்றின் வளைவில் எதிர்க்கரை தெரிந்தது. அங்கே போகிற பாலத்தின் மேல் மனைவி முதல் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் அத்தனை பேரும் ஒரு நூலில் கோத்த மாதிரி. அங்கிருந்து தண்ணீருக்கு மேலாகச் சிரிப்பு மிதந்து வந்தது. கடைசி சைக்கிளுக்குத்தான் அந்த ராசி என்று அவர் நம்பியிருந்தார். அது அவளோடு முன்னால் போய்விட்டது.

ஒரு தோட்டத்து வேலியோரம் இவர்களைப் பார்த்ததும் தோட்டக்காரர் ஓடி வந்தார்.

"அக்கா எங்கங்க? நான் வர்றதுக்குள்ள தாண்டிட்டாங்களா? இந்தாங்க, இத அவங்ககிட்ட குடுத்துடுங்க" என்று ஒரு பெரிய குலையை நீட்டினார். பத்து வருஷத்துக்கு மேலாக முன்சக்கரம் அந்த வேலியைக் கடந்து போகிறார். ஒரு பழம்கூட யாரும் நீட்டியதில்லை. குலையை வாங்கிக்கொண்டார். அடுத்த வளைவில் சைக்கிளை நிறுத்தி, ஆடிட்டருக்கு நாலைந்து கொடுத்துவிட்டு, மீதியை நின்றபடியே தின்று தீர்த்தார். இனிப்பாகத்தான் இருந்தது. அதிலும் அவருக்கு எரிச்சல்.

இதெல்லாம் முதலாளியம்மா காதுக்குப் போகாமல் இருக்குமா? அவள் புருஷனையும் பெண்டாட்டியையும் உட்கார வைத்துப் பேசி, பயணத்தை இரண்டாகப் பிரித்துவிட்டாள். வேகமாகப் போகிறவர்களுக்கு முன்சக்கரம். மெதுவாகப் போகிறவர்களுக்கு அக்கா. தொடை வலு உள்ளவர்கள் அவரிடமும் வரத்தான் செய்தார்கள். சக்கரச் சத்தம் மறுபடியும் அவருக்குப் பின்னால் கேட்டது. ஆனால் மனைவியின் பயணத்துக்கு இடம் கிடைக்காமல் ஆட்கள் காத்திருந்தார்கள். அவளும் வீடு திரும்பிய பிறகு வழியில் நடந்ததை முழுதாகச் சொல்லாமல், பாதியில் அவளாகவே சிரித்துவிட்டு, "அத அங்க இருந்து பாத்தாதாங்க புரியும்" என்று சமையலறைக்குப் போய்விடுவாள்.

அவரால் தாங்க முடியவில்லை. ஒரு விடுமுறை நாளில், ஒரு வார்த்தை சொல்லாமல், அவள் கூட்டத்தோடு அணைக்கட்டில் போய் நின்றார். அவள் அவரைப் பார்த்தாள். புருவம் கொஞ்சம் ஏறியது. மற்றபடி முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"எல்லாரும் உங்களப் பத்தி ஒரு வார்த்த சொல்லிடுங்க" என்றாள்.

ஒருவர் தபால்காரர் என்றார். ஒருத்தி தையல்காரி என்றாள். இவர் முறை வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நான் இவங்க வீட்டுக்காரர்" என்றார்.

கூட்டம் கை தட்டியது. அவளும் சிரித்தாள். பிறகு ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டு வந்து, தபால்காரரிடம் நின்று அவருடைய ஹெல்மெட் வாரைச் சரிசெய்ய ஆரம்பித்தாள். தாடைக்குக் கீழே இறுக்கினாள், தளர்த்தினாள், காது பக்கம் இழுத்துப் பார்த்தாள், ஏதோ கேட்டாள், அவர் ஏதோ சொன்னார், இருவரும் சிரித்தார்கள். ஒரு வாருக்கு இவ்வளவு நேரமா?

முன்சக்கரம் நன்றாக மாட்டியிருந்த தன் ஹெல்மெட்டின் வாரைக் கழற்றித் தொங்க விட்டுக்கொண்டு, அவள் வருகிற வரைக்கும் நின்றார்.