பத்துப் பொருத்தமும் ஒரு பை இரத்தமும்

எங்கள் கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தமும் பார்த்தார்கள். மாமா மகள்தான், இருந்தும் பார்த்தார்கள். பத்தும் பொருந்தியது. இரத்தத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே குறை இருந்தது. அந்தப் பொருத்தத்தை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

எங்கள் இரண்டு மகள்களில் இளையவளுக்குத் தலசீமியா, உடம்பில் நல்ல இரத்தம் ஊறாத நோய். மாதா மாதம் இரத்தம் ஏற்ற வேண்டும். மூத்தவளுக்கும் குறை உண்டு, வெளியே தெரியாது. என்னைப் போல.

போன மாதம் கண்டி ஆஸ்பத்திரி வார்டில் டொக்டர் அம்மா, யாழ்ப்பாணத்துக்காரர், ஒரு புது வைத்தியம் பற்றிச் சொன்னார். "வயித்துக்குள்ள இருக்கேக்க பிள்ளையின்ர உடம்பு வேற மாதிரி இரத்தம் செய்யும். பிறந்தாப் பிறகு அதைச் செய்யிற ஜீன் மூடிப்போகும். இவவுக்கு அது பழுதில்லை. திரும்பத் திறந்துவிட்டாக் காணும், வேற ஒண்டும் வேண்டாம்."

"வெட்டித் தைப்பீங்களா டொக்டர்?" என்று கேட்டேன்.

"இல்லை. ஜீனை வெட்டுற கருவிதான். ஆனா வெட்டுற வாயை மழுக்கிப்போட்டு அனுப்புறது. அந்த இடத்தில போய் இருந்துகொண்டு திறந்துவிடும். ஒண்டையும் வெட்டாது. வெளிநாட்டில செய்து பாக்கினம்."

"கண்டிக்கு எப்ப வரும்?" இளையவள் கேட்டாள்.

"தெரியாது பிள்ளை," என்று டொக்டர் இரத்தப் பையைச் சரிசெய்தார்.

ஞாயிற்றுக்கிழமை கம்பளையிலிருந்து மச்சான் வந்தார். மனைவியின் அண்ணன். விஷயத்தைச் சொன்னேன்.

"ஜீன்ல கை வைக்க விடாதீங்க மச்சான். நம்ம பரம்பரையே மாறிப்போயிரும்."

எங்கள் பரம்பரைப் பெருமை மாதா மாதம் பையில் தொங்குவதை அவர் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரி வாடை அவருக்கு ஆகாது.

பிறகு சட்டைப் பையிலிருந்து ஜாதகத்தை எடுத்தார். அவர் மகனுக்கு எங்கள் மூத்தவள். பத்தும் பொருந்துகிறதாம்.

"மாமா, அத்தானுக்கு இரத்தம் பாத்தீங்களா?" இளையவள்தான் கேட்டாள். "அக்காவுக்கு அந்தக் குறை இருக்கு. அவருக்கும் இருந்தா, பொறக்குறது என்னைய மாதிரி ஆகிரலாம்."

"அவனுக்கு என்ன வருத்தம், என்ன நோய்? சிங்கம் மாதிரி இருக்கான்!"

"அப்பாவும் சிங்கம்தான்."

மச்சான் தேத்தண்ணி குடிக்காமலே எழும்பிப் போனார். ஜாதகத்தை மறக்காமல் எடுத்துக்கொண்டார். மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கேட்டது மகள், குற்றம் என்னுடையது.

இந்த மாதம் இரத்தம் ஏற்றப் போனோம். இரத்தப் பரிசோதனை அறை வாசலில் மச்சான் மகன், சட்டைக் கையை மடித்துவிட்டு நின்றான். முகம் வெளிறியிருந்தது.

"அப்பாவுக்குச் சொல்லிராதீங்க மாமா."

நான் தலையாட்டினேன். இளையவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"பயப்படாதீங்க அத்தான். வெட்ட மாட்டாங்க, ஒரு ஊசிதான். பரம்பரை எல்லாம் மாறாது."

சொல்லிவிட்டு, தன் பைக்காக உள்ளே போனாள்.